ஏழாம் அத்தியாயம்: ஊருக்குள் செய்யும் பணி, உலகத்தோடு செய்யும் பணி

ரோட்டரி, அரிமா சங்கங்களுக்கு ஜூலை 1 அன்று ஆண்டு பிறக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் மாறுகிறார்கள். பதவியேற்பு விழாவில் நலத்திட்ட உதவிகள் வழங்கப்படுகின்றன. அடுத்த ஜூன் 30 வரை புதியவர்களின் காலம். சங்கத்தின் சுறுசுறுப்புக்கு இந்த ஓராண்டுக் கணக்கே காரணம். பல நல்ல பணிகள் பாதியில் நின்றுபோவதற்கும் அதுவே காரணம். பள்ளிக்குக் கொடுத்த குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் மூன்றாம் ஆண்டில் வடிகட்டி மாற்ற ஆளில்லாமல் ஓய்ந்து கிடந்தால், கொடுத்தவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூன்றாம் ஆண்டில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்று தீர்மானப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான். எந்தப் பணியை எடுத்தாலும், விழா முடிந்தபின் அதைப் பராமரிப்பவர் யார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை முதல் நாளே எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஊருக்குள் இப்படி ஒழுங்காகப் பணி செய்த சங்கத்தைத் தேடித்தான் வெளிநாட்டுச் சங்கங்களும் வருகின்றன. உள்ளூர்ப் பணியும் உலகப் பணியும் வேறு வேறு துறைகள் அல்ல. முதலாவதைச் செய்யும் விதமே இரண்டாவதற்குத் தகுதி தருகிறது.

மணப்பாறையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். திருச்சி - திண்டுக்கல் சாலையில் உள்ள நகராட்சி, மாட்டுச் சந்தைக்கும் முறுக்குக்கும் பேர்போன ஊர், சுற்றிலும் வையம்பட்டி, மருங்காபுரி, துவரங்குறிச்சி என்று மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும் கலந்த கிராமங்கள். இத்தகைய ஊரில் இருபது முப்பது பேர் கொண்ட ஒரு சங்கம் என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்பதே நம் கேள்வி.

1. முதலில் ஊரைக் கேளுங்கள்

பெரும்பாலான சங்கங்களில் பணித்திட்டம் நன்கொடையாளரிடமிருந்து தொடங்குகிறது. ஒருவர் பத்துத் தையல் இயந்திரம் தருகிறேன் என்கிறார், உடனே பயனாளிகளைத் தேடத் தொடங்குகிறோம். இந்த வரிசையை மாற்றுங்கள். மே, ஜூன் மாதங்களில், பொறுப்பேற்கும் முன்பே, வரவிருக்கும் தலைவரும் செயலாளரும் நான்கு இடங்களுக்குப் போக வேண்டும்: அரசு மருத்துவமனை, ஓர் அரசுப் பள்ளி, ஓர் ஊராட்சி அலுவலகம், நூறு நாள் வேலை நடக்கும் ஓர் இடம். மருத்துவமனையில் செவிலியரிடமும் பள்ளியில் சத்துணவு அமைப்பாளரிடமும் கேளுங்கள். வேலைத்தளத்தில் பெண்களிடம் கேளுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லாமே வேண்டும் என்றுதான் பதில் வரும். "போன மாதம் எதற்காக அலைந்தீர்கள்? எதற்குக் கடன் வாங்கினீர்கள்?" என்று கேட்டால் உண்மையான தேவை தெரியும்.

அரசு ஏற்கெனவே என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தர முறையான வழியைத் திறந்தது. அரசு தருவதையே நாமும் தருவதில் பயனில்லை. அரசு தருவது யாருக்குப் போய்ச் சேரவில்லையோ, அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் சங்கத்தின் வேலை.

2. மூடப்படாத ஆழ்துளைக் கிணறுகள்: மணப்பாறையின் கடமை

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறையை அடுத்த நடுகாட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, வீட்டருகே பயன்பாடின்றிக் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. பக்கத்தில் வேறொரு குழி தோண்டி மீட்க முயன்றார்கள். நிலத்தடியில் கடும்பாறை; இயந்திரம் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. இடையில் வந்த தீபாவளியன்று தமிழ்நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்து வேண்டிக்கொண்டது. அக்டோபர் 29 விடியுமுன் குழந்தையின் உடல்தான் கிடைத்தது.

இந்த வட்டாரத்தில் இயங்கும் எந்தச் சேவைச் சங்கமும் முதலில் எடுத்துச் செய்ய வேண்டிய பணி, இத்தகைய துளைகளை மூடுவது. ஆண்டுதோறும் தொடர வேண்டிய பணியும்கூட. மழை பொய்க்கும்போது புதுக் கிணறு போடுகிறார்கள், தண்ணீர் வராவிட்டால் இரும்புக் குழாயை உருவி விற்றுவிட்டுத் துளையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வறட்சியும் புதிய துளைகளை விட்டுச் செல்கிறது.

உச்ச நீதிமன்றம் 2010இல் தந்த வழிகாட்டு நெறிகள் தெளிவானவை. கிணறு தோண்டுவதற்கு 15 நாள் முன்பே நில உரிமையாளர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தோண்டும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணி நடக்கும்போது அறிவிப்புப் பலகையும் வேலியும் வேண்டும். குழாயைச் சுற்றி அரை மீட்டர் நீள அகலத்தில், தரைக்கு மேல் 30 செ.மீ., கீழே 30 செ.மீ. இருக்கும்படி சிமென்ட் மேடை கட்ட வேண்டும். குழாய் வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்தோ, உறுதியான மூடியைப் போல்ட் நட்டால் முடுக்கியோ அடைக்க வேண்டும். மோட்டாரைப் பழுதுபார்க்க வெளியே எடுத்தால்கூடத் துளையைத் திறந்து விடக்கூடாது. கைவிட்ட கிணற்றைக் களிமண், மணல், கூழாங்கல், தோண்டியபோது வந்த கல்தூள் ஆகியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியவை:

• ஓர் ஊராட்சியைத் தேர்ந்தெடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். பள்ளிகளின் இன்டராக்ட் மாணவர்களும் கல்லூரி ரோட்டராக்ட் இளைஞர்களும் பெரியவர் துணையோடு தெருத் தெருவாகக் கணக்கெடுக்கட்டும். சர்வே எண், உரிமையாளர் பெயர், துளையின் நிலை, ஒரு புகைப்படம் இருந்தால் போதும். மாணவர்கள் துளைக்கு அருகே போகக்கூடாது. படமெடுப்பதும் அளவெடுப்பதும் மூடுவதும் பெரியவர்களின் வேலை.

• உரிமையாளரைக் குற்றவாளி போல நடத்தாதீர்கள். கிணறு பொய்த்து நட்டப்பட்டவர் அவர். "நிரப்பும் செலவும் மூடியும் பற்றவைக்கும் கூலியும் எங்கள் பொறுப்பு, கையெழுத்து மட்டும் போடுங்கள் அண்ணே" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு.

• மூடியபின் புகைப்படத்தோடு பட்டியலை ஊராட்சிக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள்.

• மழைநீர் செறிவூட்டலுக்கு ஏற்ற துளையாகத் தெரிந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நிலநீர் வல்லுநரைக் கேட்ட பின்பே அதைச் செய்யுங்கள். சாக்கடை நீரோ உரம் கலந்த வயல்நீரோ வடிகட்டாமல் உள்ளே போனால் ஊர்க் கிணறுகளெல்லாம் கெடும்.

இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. மேடையும் மாலையும் இல்லாத பணி இது. ஒரு மூடி எந்தக் குழந்தையைக் காத்தது என்று யாருக்கும் தெரியப்போவதுமில்லை. அப்படியிருந்தும் செய்ய வேண்டிய பணி என்பதால்தான் இதை முதலில் வைக்கிறோம்.

3. கண் சிகிச்சை முகாம்

1925இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த அரிமா மாநாட்டில், பார்வையற்றோருக்காக உழைக்குமாறு ஹெலன் கெல்லர் வேண்டிக்கொண்டார். அன்றிலிருந்து கண் பணி அரிமா இயக்கத்தின் அடையாளமாயிற்று. தமிழ்நாட்டில் இப்பணிக்குக் கிடைத்த பெரும்பேறு, டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. மருத்துவமும் அறுவையும் மருத்துவமனையின் பொறுப்பு, இடமும் விளம்பரமும் உணவும் ஆட்களைத் திரட்டுவதும் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு என்ற பங்கீடு அங்கேதான் செம்மைப்பட்டது. திருச்சியிலும் ஜோசப் கண் மருத்துவமனை போன்ற நிலையங்கள் உள்ளன. முகாமுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே அவர்களிடம் தேதி வாங்குங்கள்.

சந்தை நாளிலும் பெரிய முகூர்த்த நாளிலும் முகாம் வைக்காதீர்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் சுற்றுவது நல்லதுதான், ஆனால் வேலைத்தளத்திலும் ரேஷன் கடையிலும் நேரில் சொன்னால்தான் பாட்டிமார்கள் வருவார்கள். கண்புரை உள்ளவர்களை அன்றே பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். பள்ளிக்கூடத்திலோ கொட்டகையிலோ அறுவை செய்த காலம் போய்விட்டது, கிருமித்தொற்று அச்சமே காரணம். அதனால் மாற்றுத் துணி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, ஆதார், வீட்டிலுள்ள ஒருவரின் கைபேசி எண் ஆகியவற்றோடு வரச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு வந்தவர் எத்தனை பேர் என்பதை மட்டும் சாதனையாக எழுதாதீர்கள். அறுவை தேவை என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் போகவில்லை, ஏன் போகவில்லை என்பதைக் கேட்டறியுங்கள். "ஆட்டுக்குத் தழை போட ஆளில்லை", "பேத்தியைப் பார்த்துக்க ஆளில்லை" என்று பதில் வரும். அவர்கள் மருத்துவமனையில் தங்கும் நாள்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பதும் கண் பணிதான். அறுவைக்குப் பின் ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனைக்கு ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைக்க ஓர் உறுப்பினரை நியமியுங்கள்.

4. இரத்ததானம்

ஒரே நாளில் பெருந்திரளாக இரத்தம் சேகரித்துச் செய்தித்தாளில் படம் வருவதைவிட, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுப்பது உயர்ந்தது. முழு இரத்தத்தைப் பொதுவாக 35 நாள்தான் வைத்திருக்க முடியும். தேவைக்கு மேல் ஒரே வாரத்தில் குவிந்தால் வீணாகும், அடுத்த மாதம் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குக் கிடைக்காது. அரசு இரத்த வங்கியைக் கேட்டு, கோடை விடுமுறை போல வரத்து குறையும் மாதங்களைக் குறித்துக்கொண்டு முகாம்களைப் பிரித்து வையுங்கள். 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 என்பவை அடிப்படைத் தகுதிகள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். அரிய வகை இரத்தம் உள்ளவர்களை முகாமில் எடுத்துவிடாமல், பட்டியலில் வைத்து அவசரத்துக்கு அழைப்பது சிறந்த வழக்கம்.

5. வாழ்வாதாரம்: ஊரின் தொழிலைப் பாருங்கள்

தையல் இயந்திரம் வழங்குவது வழக்கமாகிவிட்டது. தைக்கத் தெரிந்து, தைக்க வேலையும் கிடைக்கும் பெண்ணுக்கு அது வரம். மற்றவர் வீட்டில் அது ஓரமாய்க் கிடக்கும். மணப்பாறையில் பல குடும்பங்கள் முறுக்குத் தொழிலில் இருக்கின்றன. 2023இல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டைச் சட்டப்படி பயன்படுத்த, ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாத பெண்ணுக்கு அதை எழுதிக் கொடுப்பதும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக் கொடுப்பதும், எண்ணெய்ப் புகையில் நாள் முழுக்க நிற்பவருக்குப் புகைபோக்கி அமைத்துக் கொடுப்பதும் நல்ல திட்டங்கள். சங்கத்தில் உள்ள கணக்காளரும் வழக்கறிஞரும் பொறியாளரும் தங்கள் தொழில் திறமையையே தானமாகத் தரக்கூடிய இடம் இது. 1905இல் சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் மூன்று நண்பர்களோடு ரோட்டரியைத் தொடங்கியபோது, வெவ்வேறு தொழில் செய்வோர் ஒன்றுகூட வேண்டும் என்பதே அதன் அடித்தளமாக இருந்தது.

6. உலகப் பணி: போலியோ கற்றுத்தந்த பாடம்

மணப்பாறைச் சங்கம் ஒன்று உலகத்துக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்குப் போலியோ ஒழிப்பின் வரலாறே பதில். 1979இல் ரோட்டரி பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் பணியைத் தொடங்கியது. அதில் கிடைத்த நம்பிக்கையில் 1985இல் போலியோ பிளஸ் திட்டத்தை அறிவித்தது. 1988இல் உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து உலகளாவிய ஒழிப்பு இயக்கம் பிறந்தது. அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.5 லட்சம் பேரை முடக்கிய நோய் அது.

தமிழ்நாட்டுக்கும் இதில் முன்னோடிப் பங்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை 1980களில் வேலூரில் ரோட்டரி உறுப்பினர்களின் துணையோடு நடத்திக் காட்டினார். 1995இல் நாடு முழுவதும் தீவிர போலியோ முகாம்கள் தொடங்கின. 2009இல்கூட இந்தியாவில் 741 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டவரே நாட்டின் கடைசி இயல்வகைப் போலியோ நோயாளி. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியா போலியோ அற்ற பகுதியாகச் சான்று பெற்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்து நிலையத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, குழந்தையின் விரலில் மை வைத்த ஊர்ச் சங்க உறுப்பினர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. நோய் இன்னும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வேரூன்றி இருப்பதால் பணி முடியவில்லை. போலியோ நிதிக்கு ரோட்டரி சேர்க்கும் ஒவ்வொரு டாலருக்கும், ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு வரை, கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் சேர்க்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கி, அக்டோபர் 24 உலகப் போலியோ நாளன்று அனுப்புவது எந்தச் சங்கத்தாலும் முடியும்.

7. வெளிநாட்டுச் சங்கத்தோடு கூட்டுத் திட்டம்

ரோட்டரி அறக்கட்டளையின் தொடக்கம் 1917. முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். இன்று அதன் உலகளாவிய மானியத்துக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். பணி நடக்கும் நாட்டில் ஒரு சங்கமும் வெளிநாட்டில் ஒரு சங்கமும் கூட்டுச் சேர வேண்டும். அமைதி, நோய்த்தடுப்பு, தண்ணீரும் சுகாதாரமும், தாய் சேய் நலம், கல்வி, பொருளாதார மேம்பாடு, சுற்றுச்சூழல் என்னும் ஏழு துறைகளுள் ஒன்றில் திட்டம் அமைய வேண்டும்.

நிதி சேரும் விதத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னால்: நம் ரோட்டரி மாவட்டம் தன் ஒதுக்கீட்டிலிருந்து 8,000 டாலர், கூட்டாளி மாவட்டம் 9,000 டாலர் என்றால் மொத்தம் 17,000. இதற்கு ரோட்டரி அறக்கட்டளையின் உலக நிதி 80 விழுக்காடு, அதாவது 13,600 சேர்க்கும். ஆக 30,600 டாலர். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் நிபந்தனைகளை மாவட்ட அறக்கட்டளைக் குழுத் தலைவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சங்கம் ஆண்டுதோறும் மானிய மேலாண்மைப் பயிற்சியில் கலந்துகொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். தேவை மதிப்பீட்டு அறிக்கையும் இணைக்க வேண்டும். முதற்பகுதியில் சொன்ன ஊர் விசாரணையை எழுதி வைத்திருந்தால் இந்த அறிக்கையில் பாதி தயார்.

கூட்டாளியை எங்கே தேடுவது? திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்களுக்கு நேரடி விமானங்கள் போகின்றன. அவற்றில் போய்வரும் நம் ஊர்க்காரர்கள் வழியே அங்குள்ள சங்கங்களோடு தொடர்பு கொள்ளுங்கள். முதல் கடிதத்திலேயே பணம் கேட்காதீர்கள். முடித்த பணி ஒன்றின் கணக்கு, படங்கள், ஓராண்டு கழித்து அது இயங்கும் நிலை ஆகியவற்றை இரண்டு பக்கத்தில் அனுப்புங்கள். ஆழ்துளைக் கிணறு மூடிய பட்டியல் அப்போது கைகொடுக்கும்.

டயாலிசிஸ் இயந்திரம் போன்ற பெரிய கருவி கேட்கும் முன் மருத்துவமனையிடம் நான்கு கேள்விகள்: சுத்திகரித்த தண்ணீர் உண்டா? பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் உண்டா? ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் செலவு யாருடையது? உத்தரவாதக் காலம் முடிந்தபின் பழுதுபார்ப்பது யார்? நான்குக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் விண்ணப்பிக்க வேண்டாம்.

8. பணமும் சட்டமும்

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் எந்தச் சங்கமும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பின் அத்தகைய பணம் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வாங்கியதை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஊர்த் தம்பி இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுத்தால், ஊருக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். இரசீது போடும் முன் குடியுரிமையைக் கேளுங்கள், பாஸ்போர்ட் நகலை வாங்கி வையுங்கள்.

உள்நாட்டுப் பணத்துக்கும் ஒழுங்கு வேண்டும். 80ஜி என்று நாம் பழகிய வரிச்சலுகை 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கிடையாது. மொண்டிப்பட்டியில் இயங்கும் காகித அட்டை ஆலை போன்ற பெரிய நிறுவனங்களுக்கு, நிறுவனங்கள் சட்டம் 2013இன்படி சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்கும் கடமை உண்டு. அந்நிதியைப் பெற்றுச் செலவிட, சங்கத்தின் அறக்கட்டளை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் தனி வங்கிக் கணக்கும் இரண்டு பேர் கையொப்பமும் வையுங்கள். மானியத் திட்டமானால் ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும்.

9. தீர்மானம் நிறைவேற்றும் முன் சரிபார்க்க வேண்டியவை

• இந்தத் தேவையைச் சொன்னவர் யார்? பயனடைவோர் வாயிலிருந்து கேட்டோமா?

• அரசுத் திட்டம் ஏதேனும் இதையே செய்கிறதா?

• மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கு ஒதுக்கியிருக்கிறோமா?

• அடுத்த இரண்டு தலைவர்களும் இத்தீர்மானத்தில் கையெழுத்திட்டார்களா?

• ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் போய்ப் பார்ப்பவர் பெயர் எழுதப்பட்டதா?

• உதவி பெறுவோரின் படத்தை வெளியிட அவர்கள் சம்மதித்தார்களா? குழந்தையானால் பெற்றோர் சம்மதித்தார்களா?

• நன்கொடையாளருக்கு ஆண்டு முடிவில் கணக்கு அனுப்புவோமா?

இந்த ஏழுக்கும் பதில் இருக்கும் பணி சிறியதாக இருந்தாலும் எடுங்கள். பதில் இல்லாத பணி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒத்திவையுங்கள். நீங்கள் இப்போதுதான் பொறுப்பேற்றவர் என்றால் புதிய திட்டம் எதையும் அறிவிக்கும் முன், கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் சங்கம் கொடுத்தவற்றின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் போய்ப் பாருங்கள். ஓடாததை ஓட வையுங்கள். உங்கள் பதவிக்காலத்தின் முதல் சேவைத் திட்டம் அதுவாகவே இருக்கட்டும்.